டபிள்யூடபிள்யூஇ சண்டை எல்லாம் டூப்பா? முடிவு பேசி வைத்தது... ஆனால் விழுற அடி நிஜம்!

கிளியனூரில் தொடங்கி மரக்காணம் கடற்கரை வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் சரி, தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இந்த வாக்குவாதம் நடந்திருக்கும். பையன் மொபைலில் ரெஸ்லிங் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னால் இருந்து அப்பா எட்டிப் பார்ப்பார். "டேய், எல்லாம் டூப்புடா. பேசி வச்சிக்கிட்டு அடிச்சிக்கிறானுங்க." பையன் விடமாட்டான். "ரத்தம் வருது பாருப்பா!"

ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அப்பா சொல்லும் அந்த ஒரு வார்த்தை, 'டூப்பு', அதில்தான் சிக்கலே.

2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் டபிள்யூடபிள்யூஇ நிகழ்ச்சிகள் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போய்விட்டன. டென் ஸ்போர்ட்ஸ் காலத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த கூட்டம் இப்போது மொபைலில் பார்க்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 13-ம் தேதி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜான் சீனா தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார். 17 முறை உலக சாம்பியன். 48 வயது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த குந்தர் போட்ட பிடியில் இருந்து மீள முடியாமல் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். 'விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்பதையே அடையாளமாக வைத்திருந்த ஆள் அவர். அதனால் அரங்கில் இருந்த ரசிகர்களுக்குக் கோபம், இங்கே நம்மூர் 90ஸ் கிட்ஸுக்குக் கண்ணீர்.

அந்தத் தோல்வி முன்கூட்டியே முடிவானதுதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. அப்படியென்றால் அங்கே நிஜம் எது?

எது பேசி வைத்தது?

யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது, எவ்வளவு நேரம் ஆடுவது, யார் யாருக்குத் துரோகம் செய்வது. இதெல்லாம் எழுதப்பட்டது. நம்மூர் தெருக்கூத்தில் துரியோதனன் சாகப்போவது எல்லாருக்கும் தெரியும், அதற்காக யாரும் விடியும் முன்னால் எழுந்து போய்விடுவதில்லை. அந்த மாதிரி.

ஆட்டத்துக்குள் நடப்பதிலும் பெரும்பகுதி இருவரும் சேர்ந்து செய்வதுதான். ஒருவர் இன்னொருவரைத் தலைக்கு மேல் தூக்குகிறார் என்றால், தூக்கப்படுபவரும் சரியான நொடியில் எம்பிக் குதித்திருப்பார். குத்து விழும்போது காலால் மேடையை ஓங்கி மிதிப்பார்கள். கீழே பலகை என்பதால் அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்கும். நடுவர் காதில் கருவி இருக்கும், உள்ளே இருந்து வரும் தகவலை அவர்தான் மெதுவாக வீரர்களிடம் சொல்வார். நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போல வைத்தால், 'இது நடிப்பு இல்லை, நிஜமாகவே அடிபட்டுவிட்டது' என்று அர்த்தம்.

ரத்தம்? பழைய ஆட்டங்களில் அது நிஜ ரத்தம்தான். எதிராளி வெட்டியதில்லை. மணிக்கட்டுப் பட்டையில் ஒளித்து வைத்த சின்ன பிளேடு துண்டால் வீரரே தன் நெற்றியைக் கீறிக்கொள்வார். வியர்வையோடு கலந்து முகமெல்லாம் வழியும். 2008-ல் சிறுவர்களும் பார்க்கும்படி நிகழ்ச்சியை மாற்றியபோது டபிள்யூடபிள்யூஇ இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னது. ஆக, 'ரத்தம் வருது பாரு' என்ற பையனும் முழுக்கத் தப்பில்லை!

எது பேசி வைக்க முடியாதது?

விழுவது. புவியீர்ப்பு விசைக்கு ஸ்கிரிப்ட் கொடுக்க முடியாது.

ரெஸ்லிங் மேடை மெத்தை என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புச் சட்டம், அதற்கு மேல் மரப்பலகை, அதற்கு மேல் மெல்லிய நுரை விரிப்பு, மேலே கேன்வாஸ் துணி. அவ்வளவுதான். கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், மற்றபடி பலகை பலகைதான். ஆறடி உயரத்தில் இருந்து ஒருவரைப் போட்டால், அவர் முதுகு பலகையைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூட இயற்பியல் கணக்குதான், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அந்த வேகத்தில் விழுந்தும் எழுந்து நிற்பதற்குத்தான் பயிற்சி. புதிதாகச் சேரும் ஒருவருக்கு முதலில் அடிக்கக் கற்றுத்தர மாட்டார்கள், விழக் கற்றுத்தருவார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டும், பின்மண்டை தரையில் படக்கூடாது. முதுகின் மேல்பகுதி முழுசும் ஒரே நேரத்தில் பலகையில் பட வேண்டும். கைகளை விரித்து உள்ளங்கையால் மேடையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். அடி ஒரே இடத்தில் இறங்காமல் உடம்பெல்லாம் பரவ வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். இதை ஒரு நாளில் பத்துத் தடவை, இருபது தடவை என்று மாசக்கணக்கில் செய்வார்கள். முதல் வாரத்தில் முதுகு திரும்ப முடியாது என்பது எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லும் கதை.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். இங்கே எதிராளியின் உயிர் உங்கள் கையில். தலைகீழாகத் தூக்கிப் பிடித்திருக்கும் 110 கிலோ மனிதரை ஒரு அங்குலம் கூடுதலாக இறக்கிவிட்டால் அவர் கழுத்து போயிற்று. 20, 25 நிமிடம் ஓடி, குதித்து, தூக்கி, மூச்சு வாங்கும் நிலையிலும் அந்த அங்குலக் கணக்கு தவறக்கூடாது. சும்மா உடம்பை வளர்த்து வைத்திருந்தால் முடியாது. பிராக் லெஸ்னர் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 2000-ம் ஆண்டு சாம்பியன். கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர், அதுவும் கழுத்தெலும்பில் முறிவோடு. 'டூப்பு சண்டை' போட வந்தவர்கள் இவர்கள்!

அடி தவறினால் என்ன ஆகும்?

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். 90ஸ் கிட்ஸ் யாரும் மறக்காத நாள். இரும்புக் கூண்டின் உச்சியில் இருந்து மேன்கைண்டைத் தூக்கி எறிந்தார் அண்டர்டேக்கர். 16 அடி. கீழே வர்ணனையாளர் மேசை நொறுங்கியது. அந்த வீழ்ச்சி திட்டமிட்டது. தோள் மூட்டு விலகிய நிலையில் ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனவர், பாதியில் எழுந்து திரும்பவும் கூண்டின் மேலேயே ஏறினார். அடுத்து நடந்தது திட்டத்தில் இல்லாதது. கூண்டின் கூரை பிய்ந்துகொண்டு மேடைக்குள்ளேயே விழுந்தார். கூடவே இரும்பு நாற்காலியும் முகத்தில் வந்து விழுந்தது. பல் உடைந்தது. அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது.

'அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்' என்று ஸ்கூலில் சத்தியம் செய்தவர்கள் இன்றைக்கு அப்பாக்களாக இருக்கிறார்கள். அந்த அண்டர்டேக்கருக்கு 2010 பிப்ரவரியில் மேடைக்கு நடந்து வரும்போதே வாணவேடிக்கைத் தீப்பிழம்பு மேலே பட்டு மார்பும் கழுத்தும் வெந்துபோயின. தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே ஆட்டத்தை ஆடி முடித்தார். 2014 ரெஸ்ல்மேனியாவில் தலையில் அடிபட்டு, அன்றைய நாளே நினைவில் இல்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

2001 மே மாதம், ஆட்டத்தின் நடுவில் ட்ரிபிள் எச்சின் இடது தொடைத் தசை எலும்பில் இருந்து கிழிந்தது. அப்படியே நிறுத்தியிருக்கலாம். அவரோ, அதே காலை மடக்கிப் போடும் கிறிஸ் ஜெரிக்கோவின் பிடியையும் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை முடித்தார். திரும்பி வர எட்டு மாதம் ஆனது. 2022 ஜூனில் கோடி ரோட்ஸ் மார்புத் தசை முழுக்கக் கிழிந்த நிலையில் மேடைக்கு வந்தார். மேலங்கியைக் கழற்றியதும் அரங்கமே அடங்கிப்போனது. மார்பில் இருந்து கை வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தக்கட்டு. அதோடு இருபது நிமிடத்துக்கு மேல் ஆடி ஜெயித்தார்.

இவர்கள் எல்லாம் திரும்பி வந்தவர்கள். வராதவர்களும் உண்டு.

1999 அக்டோபரில் டேரன் டிராஸ்டோவ் என்ற வீரர் வழக்கமான ஒரு தூக்குதலில் பிடி நழுவித் தலைகுப்புற விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 2023-ல் இறக்கும் வரை சக்கர நாற்காலிதான். 2022 மார்ச்சில் பிக் ஈ, மேடைக்கு வெளியே தரையில் உச்சந்தலை படும்படி விழுந்து கழுத்தில் இரண்டு எலும்புகள் முறிந்தன. ஸ்ட்ரெச்சரில் போகும்போது ரசிகர்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டத்திலும் இறங்கவில்லை. டிராஸ்டோவும் சரி, பிக் ஈயும் சரி, எதிராளியின் கோபத்தால் விழுந்தவர்கள் இல்லை. உதவ வேண்டிய கை ஒரு நொடி தவறியது, அவ்வளவுதான்.

'டூப்பு' என்று முதலில் சொன்னது யார்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. ரெஸ்லிங் நிஜமான போட்டி இல்லை என்று சட்டமன்றத்தில் போய்ச் சொன்னது எதிர்ப்பாளர்கள் இல்லை. டபிள்யூடபிள்யூஇ நிறுவனமே சொன்னது. அப்போது அதன் பெயர் டபிள்யூடபிள்யூஎஃப்.

1989-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில், குத்துச்சண்டைக்கு இருப்பது போலவே ரெஸ்லிங்குக்கும் உரிமம், மாகாண விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பு, வரி எல்லாம் இருந்தன. அதில் இருந்து விடுபட, 'இது விளையாட்டுப் போட்டி இல்லை, மக்களை மகிழ்விக்கும் பொழுதுபோக்கு' என்று நிறுவனம் எடுத்துச் சொன்னது. அதுவரை வீரர்கள் வெளியில் ஒரு வார்த்தை மூச்சு விடாமல் காத்த தொழில் ரகசியம் அது. வரிக்காகவும் விதிகளுக்காகவும் முதலாளியே போட்டு உடைத்தார்.

ஆக, 'பொழுதுபோக்கு' என்ற சொல்லால் லாபம் யாருக்கு என்று பார்த்தால் விஷயம் விளங்கும். விளையாட்டு என்றால் விதி உண்டு, ஆணையம் உண்டு, கேள்வி கேட்க ஆள் உண்டு. பொழுதுபோக்கு என்றால் அத்தனையும் தளர்கிறது. அடி மட்டும் தளரவில்லை.

வீரர்களின் வேலை நிலையும் அப்படித்தான். ஆண்டு முழுக்க ஒரே நிறுவனத்துக்கு உழைத்தாலும் அவர்கள் அதன் ஊழியர்கள் கிடையாது, தனி ஒப்பந்ததாரர்கள் என்பதுதான் கணக்கு. மேடையில் அடிபட்டால் சிகிச்சைச் செலவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். பொதுவான மருத்துவக் காப்பீடு அவரவர் பொறுப்பு. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. அங்கே மழை வந்தால் வேலை போகும், இங்கே தசை கிழிந்தால் மேடை போகும். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாயாவது தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. கோடிகளில் வாங்கும் நட்சத்திரங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தான். ஆனால் ரெஸ்லிங்கில் கோடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சின்ன அரங்குகளில் இரவுக்கு இரவு விழுந்து எழுகிற பெரும் கூட்டத்தின் முகத்தை நாம் திரையில் பார்ப்பதே இல்லை.

இதயம்தான் முதலில் தோற்கிறது

1985 முதல் 2011 வரை ஆடிய ரெஸ்லிங் வீரர்களின் மரணங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. 45 முதல் 54 வயது வரையிலான வீரர்கள் இறக்கும் விகிதம், அதே வயதுள்ள சாதாரண அமெரிக்க ஆண்களைவிட 2.9 மடங்கு அதிகம் என்று அதில் தெரியவந்தது. முதன்மைக் காரணம் கழுத்து முறிவு இல்லை, இதயநோய். பிரேதப் பரிசோதனைகளில் இதயம் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது.

அந்த உடம்பை வளர்க்கப் போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு, வலியை மறக்க விழுங்கிய மாத்திரை, அதோடு வருடத்தில் பெரும்பகுதி ஊர் ஊராகப் பயணம், தூக்கமின்மை. இதெல்லாம் சேர்ந்த கணக்கு. எடி குரேரோ 2005 நவம்பரில் ஹோட்டல் அறையில் இறந்தபோது வயது 38. அதற்குப் பிறகுதான், 2006 பிப்ரவரியில், டபிள்யூடபிள்யூஇ மருந்துச் சோதனையும் இதயப் பரிசோதனையும் கொண்ட திட்டத்தை ஆரம்பித்தது. 2007-ல் கிறிஸ் பென்வா குடும்பத்தாரைக் கொன்று தானும் இறந்த கொடூரத்துக்குப் பிறகு, அவர் மூளையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பத் தலையில் வாங்கிய அடியின் பாதிப்பைக் கண்டார்கள். 2010-ல் நாற்காலியால் தலையில் அடிப்பது தடை செய்யப்பட்டது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கிறது.

இந்தியாவின் தி கிரேட் காளி கதையும் இதில் வேறு மாதிரி சேரும். பஞ்சாப் காவல்துறையில் இருந்த ஹிமாச்சல்காரர் தலீப் சிங் ராணா, ஏழடி உயரத்தோடு 2007 ஜூலையில் உலக சாம்பியன் ஆனார். நம்மூர் டீக்கடைகளில்கூட அன்றைக்கு அதுதான் பேச்சு. அந்தப் பிரமாண்ட உருவத்துக்குக் காரணமே மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டி. 2012-ல் அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள். ரசிகர்கள் கைதட்டியது ஒரு நோயின் விளைவுக்கு என்பதை யாரும் அப்போது யோசிக்கவில்லை. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறைக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

நம் பக்கம் மல்லர்கள் இல்லையா?

இல்லாமல் என்ன. மரக்காணத்தில் இருந்து இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் மாமல்லபுரத்தின் பெயரிலேயே மல்லன் இருக்கிறான். 7-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் மாமல்லன், 'பெரிய மற்போர் வீரன்' என்று பொருள். அதற்கும் முன்னால், புறநானூற்றின் 80-ம் பாட்டில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதுவதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு முழங்கால் எதிராளியின் மார்பில், இன்னொரு கால் வளைத்துப் பிடித்தபடி. மூங்கிலை முறிக்கும் யானை மாதிரி தலையும் காலும் வளைய முறிக்கிறான். இன்றைய வர்ணனையாளர் மைக்கில் கத்துவதை அவர் அன்றைக்கே பாட்டில் செய்துவிட்டார் என்று சொல்லலாம்!

தேர்தல் வந்தால் 'கோதாவில் குதித்தார்' என்று செய்திகளில் எழுதுகிறோமே, அந்தக் கோதா குஸ்தி போடும் களம்தான். குஸ்திக் களத்தில் மண்ணைக் கிளறி, கொத்தி, மிருதுவாக்கி வைப்பார்கள். விழுகிற உடம்புக்கு மண் இடம் கொடுக்க வேண்டும் என்பது பழைய பயில்வான்களுக்குத் தெரிந்திருந்தது.

டிக்கெட் போட்டு நடத்தும் தொழில்முறை ரெஸ்லிங்கும் இந்தியாவுக்குப் புதிதில்லை. தாரா சிங் - கிங்காங் மோதல் என்றால் தாத்தாக்களுக்கு இன்றைக்கும் முகம் மலரும். 1968 மே 29-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று தாரா சிங் உலகப் பட்டம் வாங்கினார். பின்னாளில் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாக வந்தவரும் அவரேதான்.

அப்பா எங்கே தப்பு செய்கிறார்?

'எல்லாம் டூப்பு' என்று அப்பா சொல்வது பிள்ளையைத் தேற்றத்தான், தடுக்கத்தான். ஆனால் பத்து வயது மூளை அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. டூப்பு என்றால் வலிக்காது. வலிக்காது என்றால் நாமும் செய்யலாம். அப்படித்தான் கட்டிலில் இருந்து சிமென்ட் தரையில் இருக்கும் தம்பி மேல் குதிக்கிறார்கள். பள்ளி இடைவேளையில் ஒருவனைத் தலைகீழாகத் தூக்குகிறார்கள். மேடையில் இருப்பவருக்கு மாசக்கணக்கில் பயிற்சி, கீழே நுரை விரிப்பு, பக்கத்தில் மருத்துவர். இங்கே ஒன்றும் இல்லை. 'வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்' என்று டபிள்யூடபிள்யூஇ திரும்பத் திரும்ப அறிவிப்பு போடுவதும் இதற்காகத்தான்.

பையனிடம் உண்மையைச் சொன்னால் எடுபடும். "யார் ஜெயிப்பான்னு பேசி வச்சிருப்பாங்க. ஆனா விழுறது நிஜமா விழுறான். அதுக்குன்னே கத்துக்கிட்டு வந்திருக்கான். அவனுக்கே கழுத்து உடைஞ்சிருக்கு." பிக் ஈ விழுந்த கதையைச் சொல்லுங்கள், கண்ணை விரித்துக் கேட்பான்.

அதையும் மீறி விளையாட்டில் ஒரு பிள்ளை தலையோ கழுத்தோ தரையில் மோதி விழுந்துவிட்டால், உடனே தூக்கி உட்கார வைக்கக் கூடாது. தலையைப் பிடித்து ஆட்டக் கூடாது, தண்ணீர் புகட்டவும் கூடாது. தலையும் கழுத்தும் அசையாமல் கையால் தாங்கிப் பிடித்தபடி 108-க்கு அழைக்க வேண்டும். கை கால் மரத்துப்போகிறது என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ ஆம்புலன்ஸ் எடுப்பவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். கிளியனூர்க்காரர்களுக்கு அதே திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பைக்கில் நடுவில் உட்கார வைத்து அங்கே ஓட்டிக்கொண்டு போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.